மிக்கேல் லாரியில் நான் மாட்டிய ரப்பர்க் குழாய்

மகனே,

நீ நாசரேத்துக்கு உன் அத்தை வீட்டில் பயணம் சொல்லிவிட்டு வரப் போயிருக்கிறாய். அம்மாவும் உன்னோடு போயிருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் மட்டும் பட்டறைக்கு வந்து, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதுவதே சரியில்லை. இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை வாசலில் போய் நின்றேன். ஒரு தடவை, தேவையே இல்லாமல், ஸ்பானர்களை அளவு பார்த்து அடுக்கினேன். கச்சான் காற்று வேறு காலையிலிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நீ பஸ் ஏறுவதற்குள் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். வாயால் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வியாழக்கிழமை சாப்பிடும்போது தொடங்கினேன். நீ நிமிர்ந்து பார்த்ததும் உன் வேஷ்டிகளைப் பற்றி ஏதோ கேட்டு முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. ஆகவே எழுதுகிறேன். இது ரகசியக் கடிதம் இல்லை. நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும், வாசிக்கிற வேறு யாருக்கும் விளங்கட்டும் என்று, விரித்தே எழுதுவேன். பொறுத்துக்கொள்.

போன மாதம் உனக்கு, மோட்டார் வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வேலைக்கு உத்தரவு வந்த அன்று, நீ இன்டர்வியூவில் நடந்ததை அம்மாவுக்கும் எனக்கும் சொன்னாய். பெட்ரோல் லாரி தீப்பிடிக்க என்னென்ன காரணம் இருக்கும் என்று கேட்டார்களாம். மற்றவர்கள் எல்லாம் புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல, நீ மட்டும் நேரில் அறிந்த ஒரு கதையைச் சொன்னாயாம். எங்கள் ஊரில் மிக்கேல் என்று ஒரு டிரைவர், உப்பு லாரி ஓட்டியவர், ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே பீடி பற்ற வைத்து லாரியையும் கொளுத்தித் தன் கையையும் பொசுக்கிக்கொண்டார், எத்தனை நல்ல வண்டியானாலும் டிரைவரின் கவனக்குறைவுக்கு முன்னால் ஒன்றும் நிற்காது என்று சொன்னாயாம். கேட்டவர்களில் பெரியவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டாராம். அந்தப் பதிலால்தான் வேலை கிடைத்தது என்று நீ சிரித்தாய். அம்மா உன் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். நான் எழுந்து கை கழுவப் போனேன். சோறு பாதி தட்டில் இருந்தது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

மகனே, மிக்கேல் பீடி பற்ற வைக்கவில்லை. அந்தத் தீ என் கையால் வந்தது.

மிக்கேலை நீ மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். ஆனாலும் அவரை உனக்கு முழுதாகத் தெரியாது. முத்துக்குளித்தும் சங்கு எடுத்தும் பிழைத்த குடும்பத்தில், கடலைவிட்டு மோட்டாருக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். கடலுக்குள் மூச்சை அடக்கத் தெரியவில்லை என்று அண்ணன்மார் கேலி செய்வார்களாம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். உப்பள முதலாளி ஒருவரிடம் யுத்த காலத்து மிலிட்டரி லாரி ஒன்றைப் பதினோரு வருஷம் ஓட்டினார். அளத்தில் உப்பை ஏற்றி, பழைய துறைமுகத்தில் தோணிக்குக் கொண்டுபோய்த் தட்டுவது வேலை. உப்புக் காற்றில் தகரமெல்லாம் அப்பளமாகப் போன லாரி அது. ஆனால் எஞ்சின் மட்டும் சொன்னபடி கேட்கும். எஞ்சினில் சத்தம் மாறினால், அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அவர் சொல்லிவிடுவார். நான் திறந்து பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறிய வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாய். பழைய பெட்ரோல் லாரி வைத்திருந்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். டீசல் எஞ்சின் மாற்ற எல்லாரிடமும் வசதி இல்லை. அப்போது நான் ஒரு வழி சொன்னேன். பழைய பெரிய கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு, ஜீப்பில் வரும் சின்ன கார்ப்பரேட்டரை மாட்டினால் இழுவை கொஞ்சம் குறையும், ஆனால் பெட்ரோல் மிச்சமாகும். அடியில் ஒரு இரும்புத் தட்டு கடைந்து வைத்தால் உட்கார்ந்துவிடும். நல்ல யோசனைதான். இப்போதும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். மூன்று லாரிக்கு மாற்றினேன். ஏரலில் வாழைத்தார் ஏற்றுகிற லாரி ஒன்று, சாத்தான்குளத்தில் கருப்பட்டி ஏற்றுகிற லாரி ஒன்று, மூன்றாவது மிக்கேலுடையது.

கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. எஞ்சின் சூட்டில் அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். பழைய கார்ப்பரேட்டரில் அந்த ஆவி உள்ளுக்குள்ளேயே ஏறி ஏர் கிளீனருக்குப் போய், எஞ்சினே அதைக் குடித்துவிடும். ஜீப் கார்ப்பரேட்டரில் அப்படி இல்லை. கிண்ணத்தின் தலையில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஓஸ் என்கிற ரப்பர்க் குழாயை மாட்டி, எங்கேயும் தொய்வு விழாமல், ஏறுமுகமாகவே கொண்டுபோய் ஏர் கிளீனரில் சேர்க்க வேண்டும். தொய்ந்தால் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி வழி அடைத்துக்கொள்ளும். கீழே தொங்கவிட்டால் ஆவி எஞ்சின் பக்கத்திலேயே இறங்கித் தங்கும். அது காற்றைவிடக் கனமானது. சைலன்சர் குழாய்ச் சூடும் டைனமோப் பொறியும் அங்கேதான் இருக்கின்றன. இது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மிக நன்றாகத் தெரியும். ஏரல் லாரிக்கும் சாத்தான்குளம் லாரிக்கும் மாட்டியபோதே, இந்த ஓஸ் விஷயத்தைப் பிறகு சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

ஏன் செய்யவில்லை என்றால், அந்த லாரிகளின் ஏர் கிளீனரில் ஓஸ் மாட்ட இடம் கிடையாது. துளை போட்டு, ஒரு செம்புக் குழாயை ஈயத்தால் பற்ற வைத்து, அதில் ஓஸை ஏற்ற வேண்டும். பற்ற வைக்கிறவர் அந்த வாரம் ஊரில் இல்லை. பெட்ரோல் தாங்குகிற ஓஸ் மதுரையிலிருந்து வர வேண்டும். மிக்கேலின் முதலாளியோ, தோணி நிற்கிறது, மத்தியானத்துக்குள் லாரி வேண்டும் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். நான் தண்ணீர் ஓஸில் ஒன்றரை முழம் வெட்டி, அந்த மூக்கில் மாட்டி, கம்பியால் முறுக்கி, எஞ்சின் ஓரமாகக் கீழே விட்டேன். ஒரு வாரம் ஓடட்டும், பிறகு சரி செய்யலாம் என்பது கணக்கு. தண்ணீர் ஓஸ் பெட்ரோல் பட்டால் இளகும் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாளே மிக்கேல் லாரியோடு வந்தார். “அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான் ஓடுது. பெட்ரோல் வாடை மட்டும் மூக்கப் பிடுங்குது” என்றார். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வரக்கூட இல்லை. “புது கார்ப்பரேட்டருவே. ரெண்டு நாள்ல செட்டாயிரும்” என்றேன். ஐந்தாறு நாள் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை இறங்கி, என் பக்கத்தில் குத்த வைத்து, “நிப்பாட்டும்போது வாடை அதிகமா இருக்கு அண்ணாச்சி. ஓடும்போது தெரியல. ஒரு தடவ தொறந்து பாத்திருங்களேன்” என்றார். நிற்கும்போது அதிகம், ஓடும்போது இல்லை என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே முழு விஷயமும் இருந்தது. ஆவி தேங்குகிறது என்று அர்த்தம். எனக்கும் புரிந்தது. “திங்கக்கெழம விட்டுரும், ஒழுங்கா செஞ்சு தாரேன்” என்றேன். அன்று வெள்ளிக்கிழமை. தீப்பிடித்தது சனிக்கிழமை.

நான் அங்கே இல்லை. அளத்து வேலைக்குப் போன பெண்கள் சொல்லித்தான் கேட்டேன். உச்சி வெயில். லாரியில் பாதி உப்பு ஏறியிருந்தது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்பச் சிரமம் என்று மிக்கேல் ஓடவிட்டபடியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். அளத்தில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. லாரி நிழல்தான் நிழல். ஏழெட்டுப் பெண்கள் அதில் ஒண்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடியில் பால்குடிப் பிள்ளை. பானட்டுக்கு அடியிலிருந்து புஸ் என்று ஒரு சத்தம் வந்து, இடுக்கு வழியாகத் தீ எட்டிப் பார்த்திருக்கிறது. மிக்கேல் அந்த நேரமே குதித்திருந்தால் ஒரு மயிர்கூடக் கருகியிருக்காது. குதிக்கவில்லை. பெண்கள் எழுந்து ஓட நேரமில்லை என்று நினைத்து, கியரைப் போட்டு, தீயோடு லாரியை ஓட்டினார். வரப்பைத் தாண்டி, ஆளில்லாத காய்ந்த பாத்திக்குள் இறக்கிய பிறகுதான் கதவைத் திறந்தார். அதற்குள் தீ மிதிபலகை வழியாக உள்ளே ஏறிவிட்டது. இரண்டு கையும், இடது கன்னமும் காதும் வெந்தன. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் லாரியைப் பார்க்க வருவதாகச் சொல்லி, முதலாளி என்னையும் வரச்சொன்னார். நான் முந்திப் போனேன். கருகிக் கிடந்த எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தேன். ஓஸ் எரிந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. மூக்கில் நான் முறுக்கிய கம்பி மட்டும் வளையமாக அப்படியே இருந்தது. அந்தக் கம்பி இருந்தால், இங்கே ஏதோ மாட்டியிருந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். முதலாளி அந்தப் பக்கம் திரும்பி நின்ற நேரத்தில் அதை உருவி எடுத்து, பாத்தியில் கிடந்த உப்புத் தண்ணீருக்குள் எறிந்தேன். இதைச் செய்ய எனக்கு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் ஆயிற்று. மனிதன் கெட்டுப்போக அதிக நேரம் வேண்டியதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வந்த இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“கார்ப்பரேட்டர் எப்ப மாத்துனீங்க?”

“பத்து நாளாச்சு சார்.”

“பெட்ரோல் லீக் ஏதும் இருந்துதா?”

“லீக் இல்ல சார்.”

“டிரைவர் பீடி குடிப்பாரா?”

“குடிப்பாரு சார்.”

இதுவரை நான் சொன்ன எதிலும் பொய் இல்லை என்பதைக் கவனி. ஒழுகியது ஆவிதான், பெட்ரோல் அல்ல. மிக்கேல் பீடி குடிப்பவர்தான். பிறகு அவர் பென்சிலால் அந்த மூக்கைத் தொட்டு, “இது எதுக்கு?” என்றார். “இந்த வண்டிக்கு அதுல வேலையில்ல சார், சும்மா இருக்கும்” என்றேன். அந்த ஒன்று முழுப் பொய். அவர் எழுதிக்கொண்டார். முதலாளி, “பீடிதான் சார். எப்பவும் காதுல ஒண்ணு செருகியிருப்பான்” என்றார். அதையும் எழுதிக்கொண்டார். கேட்டிருக்க வேண்டிய ஆள் ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்தார். அவரைக் கேட்கவேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்ற இரண்டு லாரிகளும் அதே போலக் கீழே தொங்கும் ஓஸோடு ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய் நல்ல பெட்ரோல் ஓஸ் வாங்கினேன். அதற்கடுத்த நாள் ஏரலுக்குப் போனேன். லாரி வாழைத்தார் ஏற்றப் போயிருந்தது. ஆற்றங்கரையில் ஒவ்வொரு வாழைத் தோப்பாக விசாரித்து நடந்து, கடைசியில் ஓர் ஓடைப் பாலத்தில் அதை மறித்து நிறுத்தினேன். அங்கேயே ஏர் கிளீனரைக் கழற்றி, கடைத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய் பற்ற வைத்து, ஓஸைச் சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி, மேலேற்றி மாட்டினேன். மறுநாள் சாத்தான்குளம். அந்த டிரைவர் என்னைக் கண்டதும், “ஒரு வாரமா தலவலி அண்ணாச்சி, எதனாலன்னே தெரியல” என்றார். நான் ஓஸை மாட்டி முடித்து, விரலால் நுனி வரை தடவிப் பார்த்தேன். எங்கும் பள்ளம் இல்லை. லாரிக்குச் சொந்தக்காரர், “எதுக்கு இவ்வளவு தூரம் வந்து சும்மா செஞ்சு தாரீய?” என்று கேட்டார். “புதுசா ஒரு சாமான் வந்திருக்கு, அதான்” என்றேன். இரண்டு லாரியையும் காப்பாற்றிவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் தெரியாதவன் இப்படி ஓடித் திரிய மாட்டான் என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

மிக்கேல் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் இரண்டு தடவை போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். தோல் சுருங்கினாலும் விரல்கள் மடங்கின, ஸ்டியரிங் பிடிக்க முடியும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் யார் கொடுப்பார்கள்? பீடி குடித்து லாரியைக் கொளுத்தியவர் என்ற பெயர் அவருக்கு முன்னால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு சங்கு குடோனில், சங்குகளை அளவு பார்த்துப் பிரிக்கிற வேலைக்கு உட்கார்ந்தார். அந்த வருஷம் லீவுக்கு வந்த நீ, “மிக்கேல் மாமா ஏம்பா இப்ப வாரதில்ல?” என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்த்து, “பீடி குடிச்சு லாரியக் கொளுத்திட்டாருலே” என்றேன். என் பிள்ளைக்கும் அந்தப் பொய்யைச் சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். நீ அதை நம்பி, பத்திரமாக வைத்திருந்து, ஐந்து வருஷம் கழித்து அதிகாரிகள் முன்னால் எடுத்து வைத்தாய். பிழை உன்னுடையது அல்ல.

உத்தரவு வந்த பிறகு ஒரு மாதம் இப்படி அலைந்தேன். சுத்தியை வைத்த இடம் தெரியாமல் தேடுவேன், அது கையில் இருக்கும். அம்மா பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் காப்பி தந்துவிட்டு நகராமல் நின்றாள். சொன்னேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு, “முதல்ல அவர்ட்ட போங்க. பொறவு பிள்ளைட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்றாள்.

போன திங்கட்கிழமை மத்தியானம், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மிக்கேல் வீட்டுக்குப் போனேன். சாப்பிட வந்திருந்தார். அவர் மனைவி ரெஜினா முற்றத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். “வாங்க அண்ணாச்சி, வழி தவறி வந்திட்டீயளா” என்று சிரித்தார் மிக்கேல். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம்.

“மிக்கேல், அந்தத் தீ உம்ம பீடியால வரல. நான் மாட்டுன ஓஸால வந்தது” என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “எந்த ஓசு?” என்றார்.

சொன்னேன். அவருக்கு வாயால் சொன்னது போதவில்லை. அடுப்புக் கரியை எடுத்துக் கையில் கொடுத்து, தரையில் வரையச் சொன்னார். எஞ்சினை வரைந்தேன். கார்ப்பரேட்டர், ஏர் கிளீனர், சைலன்சர் குழாய் எல்லாம் வரைந்தேன். நான் மாட்டிய ஓஸை வரைந்தேன். அவர் குனிந்து, சுருங்கிய விரலால் அந்தக் கோட்டின் மேலேயே போனார்.

“இது மேலயில்லா போகணும்?”

“ஆமா. மேலதான் போகணும்.”

“வாடை வருதுன்னு நான் சொன்னேன்லா?”

“சொன்னீரு. ரெண்டு தடவ.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேசியபோது என்னைப் பார்க்கவில்லை. “அன்னைக்குக் காதுல ஒரு பீடி செருகியிருந்தேன். ஆஸ்பத்திரில முழிச்சுத் தடவிப் பாத்தா காதே வெந்து கெடக்கு, பீடி எங்க இருக்கும். பத்த வச்ச நெனவு எனக்கு இல்ல. ஆனா ஊரே சொல்லுது. நீரும் சொன்னீருன்னு மொதலாளி சொன்னாரு. வண்டியப் பத்தி நீரு சொன்னா தப்பா இருக்காதுன்னு நானும் நம்பிட்டேன். சாமியார்ட்ட போயி பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அந்தப் பொம்பளைகளையும் பச்சப் பிள்ளையையும் கொல்லப் பாத்தேன்னு சொன்னேன். செய்யாத பாவத்தச் சொல்ல வச்சிட்டீரு.”

அதுவரை அண்ணாச்சி, வாங்க, இருங்க என்று பேசியவர். அந்தச் சொல் அன்றோடு போயிற்று. அதை நான் எண்ணிக் கவலைப்பட உரிமை இல்லாதவன். ஆனாலும் காதில் விழுந்தது.

ரெஜினா மீனை அப்படியே போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தாள். கத்தவில்லை. “ஒங்க பையனுக்கு வேல கெடைக்கட்டும்னு காத்திருந்தீயளா?” என்று மட்டும் கேட்டாள். மகனே, நான் அப்படி நினைத்து நாள் பார்க்கவில்லை. ஆனால் உன் படிப்பு முடியட்டும், உன் வேலை அமையட்டும் என்று மனசுக்குள் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கும். இல்லையென்று சத்தியம் செய்ய என்னால் ஆகவில்லை. அவள் கேள்வியை உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

கிளம்பும்போது மிக்கேல், “எங்கிட்ட வந்து சொன்னா பத்தாது. லாரி ஸ்டாண்டுல வந்து சொல்லும். எழுதியும் குடும்” என்றார்.

எழுதினேன். புதன்கிழமை திருநெல்வேலிக்குப் போய் மோட்டார் ஆபீஸில் கொடுத்தேன். பழைய பைல், தேட நாளாகும் என்று சொல்லி, என்னிடம் இருந்த நகலில் முத்திரை வைத்துத் தந்தார்கள். வியாழக்கிழமை காலை, டிரைவர்களும் லாரிக்காரர்களும் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து ஸ்டாண்டுக்குப் போனேன். மிக்கேல் வந்து ஓரமாக நின்றார். நான் எழுதியதை வாசித்தேன். கம்பியை உருவி எறிந்ததையும் வாசித்தேன். ஒருவர், “செத்த கதைய எதுக்குவே தோண்டுதீரு” என்றார். சின்ன டிரைவர் ஒருவன், “அப்ப எங்க வண்டியெல்லாம் என்ன லட்சணத்துல இருக்கு?” என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. வாசித்து முடித்ததும் மிக்கேல் என் கையிலிருந்து நகலை வாங்கி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை என் பட்டறையிலிருந்து இரண்டு லாரிகளைப் பாதி வேலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும். நீ அதைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். ஊர் பேசுவது உன் காதுக்கு இன்னும் வரவில்லை போலும்.

நேற்றுக் காலை ஒரு உப்பு லாரி பட்டறை வழியே போயிற்று. ஸ்டியரிங்கில் மிக்கேல். பக்கத்தில் லாரியின் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். ஓட்டிக் காட்டச் சொல்லியிருப்பார் போல. நான் வாசலில்தான் நின்றேன். மிக்கேல் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் திருப்பத்தில் கியர் மாற்றிய சத்தம் கேட்டது. துளி உரசல் இல்லை.

இனி உன் காரியம். நீ போகிற ஆபீஸில் நாளைக்கு யாராவது, திருநெல்வேலி ஆபீஸில் ஒரு மெக்கானிக் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாராமே, அவர் உன் அப்பாவா என்று கேட்கலாம். அதனால் உனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் வராமலும் போகலாம். எழுதிக் கொடுக்கும் முன் உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். கேட்டிருந்தால், இப்போது வேண்டாம் அப்பா, கொஞ்ச நாள் போகட்டும் என்று நீ சொல்லியிருக்கக்கூடும். சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாக அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. நீ இன்டர்வியூவில் சொன்னதை என்ன செய்வது என்று நான் புத்தி சொல்ல மாட்டேன். அந்தக் கதையை இனி எங்கேயாவது சொல்வதானால் முழுதாகச் சொல், அவ்வளவுதான். என் பெயரையும் சேர்த்தே சொல்.

எரிந்த வண்டிகள் உன் கைக்கு வரும். என்னைப் போல ஒருவன் உனக்கு முந்தியே அங்கே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். கேட்டதற்கெல்லாம் சுருக்கமாக, சரியாகப் பதில் சொல்வான். அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதே. வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கும். ஆனால் அவன் பேச்சோடு உன் காகிதத்தை மூடாதே. ஒன்றுமே மாட்டாமல் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தால், அதில் என்ன இருந்தது, எங்கே போயிற்று என்று தேடு. கரியில் கையை வை, சட்டை அழுக்கானால் ஆகட்டும். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. வண்டியில் இருந்தவன் பேசுகிற நிலையில் இல்லாவிட்டால் இன்னொரு நாள் போ. நிற்கும்போது வாடை வந்ததா, ஓடும்போது வந்ததா, யாரிடமாவது சொன்னாயா என்று கேள். இந்த மூன்றை அன்று ஒருவர் கேட்டிருந்தால் மிக்கேலின் ஐந்து வருஷம் மிஞ்சியிருக்கும். நானும் அன்றே பிடிபட்டு, அன்றே சரியாகியிருப்பேன்.

வெயில் சாய்ந்துவிட்டது. நீங்கள் வருகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது. இதை உன் சட்டைகளுக்கு மேல் வைத்துவிட்டு நான் கடற்கரைப் பக்கம் போய்விடுவேன். நீ வாசிக்கும்போது வீட்டில் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. வாசித்துவிட்டு என்னோடு பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு. தோன்றாவிட்டால் பேசாதே. நாளை முழுதும் பேசாமல் இருந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் வருவேன். அம்மாவால் உன் டிரங்குப் பெட்டியைத் தூக்க முடியாது. அதை பஸ்ஸுக்கு மேலே ஏற்றி, கயிறு கட்டி, இறங்கிவிடுகிறேன்.

அப்பா